கைதட்டலும் கடப்பாடும்

உழைத்தவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், விளையாடுகின்றவனை உழைப்பாளி என ஒப்புக்கொள்வதற்கு உலகம் இன்றும் தயங்குகிறது. பால்மரம் வெட்டுபவன் வியர்வை சிந்தினால் அஃது உழைப்பு. பந்தை உதைப்பவன் அதே வியர்வையைச் சிந்தினால் அது பொழுதுபோக்கு. முன்னவனுக்குக் கூலி குறைந்தால் தொழிற்சங்கம் குரல் கொடுக்கும். பின்னவனுக்கு மாதக்கணக்கில் ஊதியமே வராமற்போனாலும், 'ஆடத்தானே செய்தான்' என்னும் ஒரு சொல்லோடு ஊர் அடங்கிவிடும்.

ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவனுக்கு, அவன் ஆட்டத்தால் மகிழ்ந்த சமுதாயம் கடன்பட்டிருக்கிறதா? கடன் உண்டெனின், அது கூலியோடு தீர்ந்துவிடுமா, கூலிக்கு அப்பாலும் நீளுமா? இவ்வினாவை விளையாட்டுப் பக்கத்தில் ஒதுக்கி வைக்க இயலாது. உழைப்பு, உரிமை, நன்றி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் எழும் அறவினா இது.

இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற ஊர்களுள் ஒன்று சுங்கை சிப்புட். பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே, எல்பில், டோவன்பி, ஹீவுட், கமுனிங் எனத் தோட்டங்கள் சூழ வளர்ந்த ஊர் அது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. 1919இல் அவ்வூரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் ம.இ.கா.வின் தலைவராகவும் நாட்டின் அமைச்சராகவும் விளங்கினார். வரலாற்று நூல்கள் இவற்றைக் குறிக்கத் தவறுவதில்லை. அவை பெரும்பாலும் குறிக்காமல் விடுவது ஒன்றுண்டு. அதுவே தோட்டத்துத் திடல்.

தோட்ட வாழ்வில் திடல் ஓர் அரிய இடம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் கங்காணியின் குரலுக்கு நின்றவர்கள், நிரையில் மண்டோரின் கண்ணுக்கு அஞ்சியவர்கள், நிறுவைக் கொட்டகையில் கிராணியின் பேரேட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள், மாலையில் திடலுக்கு வந்தபோது எவருக்கும் கட்டுப்படாத மனிதர்களாயினர். அங்கே கூலி இல்லை, கட்டாயமும் இல்லை. வெறுங்காலோடு ஓடிய அந்த ஒரு மணி நேரம் அவர்களுடைய சொந்த நேரமாக இருந்தது. ஆட்டத்தின் மெய்யான இயல்பு யாது என்று தத்துவ நூல்கள் ஆராய்கின்றன. வேறொரு பயனைக் கருதாது அதன்பொருட்டே செய்யப்படுவது ஆட்டம் என்பது அவற்றுட் பல கண்ட முடிவு. அம்முடிவைத் தோட்டத்துப் பிள்ளை நூலின்றியே உணர்ந்திருந்தான்.

அத்தகைய திடல்களில் பழகிய கால்களுள் சில, பள்ளி அணிக்கும் மாவட்ட அணிக்கும் மாநில அணிக்கும் செல்லும். அப்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. படிவம் நான்கில் பயிலும் மாணவன் ஒருவனின் ஆற்றலைக் கண்டு மன்றம் ஒன்று அவனை அழைக்கின்றது எனக் கொள்வோம். அவன் பெற்றோர் ஆசிரியரிடம் வந்து நிற்கின்றனர். "படிப்பா, பந்தா?" என்று கேட்கின்றனர். அந்த ஆசிரியர் என்ன விடை சொல்ல வேண்டும்? இக்கட்டுரையின் ஆராய்ச்சி முழுவதும் அந்த விடையை நோக்கியதே.

ஆட்டம் தொழிலானபோது

மலேசியக் காற்பந்தின் பெருமைக்குரிய ஆண்டுகளாக 1970களைக் கூறுவது வழக்கம். 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசிய அணி ஆடியது; அங்கே அமெரிக்க அணியை 3-0 என வென்றது. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றது. அந்நாளில் எம். சந்திரன் தற்காப்பு வரிசையிலும், ஆர். ஆறுமுகம் கோல்கம்பத்தின் முன்னும் நின்றனர். நீண்ட கைகளால் பந்தைத் தடுத்த ஆறுமுகத்தை மக்கள் 'ஸ்பைடர்மேன்' என்றே அழைத்தனர். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோரோடு இணைத்து அவர் பெயரைச் சொல்லாத வீடு அக்காலத்தில் அரிது.

அத்தலைமுறை ஆட்டக்காரர் பலர் வங்கிகளிலும் அரசுத் துறைகளிலும் காவல், இராணுவப் படைகளிலும் வேலை பார்த்துக்கொண்டே ஆடினர். ஆட்டத்தால் அவர்கள் செல்வராகவில்லை என்பது உண்மை. எனினும் ஆட்டம் நின்றாலும் அடுப்பு நின்றுவிடாத ஓர் ஏற்பாடு அவர்களுக்கு இருந்தது.

1980ஆம் ஆண்டு, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மலேசிய அணி மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அப்போட்டியைப் புறக்கணித்தன, மலேசியாவும் புறக்கணித்தது. அரசின் முடிவுக்கு அரசியல் காரணம் இருந்தது. ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? பல்லாண்டுப் பயிற்சியின் பயனை ஒரே அறிவிப்பில் இழந்த ஆட்டக்காரர்களே. நாட்டின்பொருட்டு ஒருவன் தன் வாழ்வின் ஒரே வாய்ப்பை இழப்பானாயின், அந்நாடு அவனுக்குக் கடன்பட்டதாகிறது. அக்கடனைப் பணத்தால் மட்டும் அளக்க இயலாது. ஆறுமுகம் 1988ஆம் ஆண்டின் இறுதியில், 35ஆம் வயதில், சாலை விபத்தில் மறைந்தார். மொக்தார் டஹாரி 1991இல், 37ஆம் வயதில், நரம்பு நோயால் மறைந்தார்.

பின்னர் முறை மாறியது. 1989இல் பாதித் தொழில்முறைப் போட்டியும், 1994இல் முழுத் தொழில்முறைப் போட்டியும் மலேசியாவில் வந்தன. ஆட்டக்காரன் வேலையை விட்டான், ஆட்டமே வேலையாயிற்று. அதே ஆண்டுகளில் சூதாட்டக்காரர்களின் கையூட்டு அணிகளுள் புகுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரிக்கப்பட்டனர். பலர் ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டனர். சிலர் சொந்த ஊரை விட்டு வேறு மாவட்டங்களில் வாழுமாறு ஆணையிடப்பட்டனர். கையூட்டுப் பெற்று ஆட்டத்தை விற்றல் பெருங்குற்றம்; வறுமை அதற்குக் காரணமாகலாம், நியாயமாக முடியாது. எனினும் ஒன்றைச் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். குற்றம் செய்த ஆட்டக்காரனைத் தண்டிப்பதில் காட்டிய விரைவை, வாக்களித்த ஊதியத்தைக் கொடாத நிர்வாகத்தைத் தண்டிப்பதில் விளையாட்டுலகம் காட்டியதில்லை.

பேராக் அணியின் வரலாறு இதற்குச் சான்றாகும். 1926 முதல் 2018 வரை மலேசியக் கிண்ணத்தை 8 முறை வென்ற அணி அது. 2018ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் திரெங்கானுவைப் பினால்டியில் வென்றபோது ஈப்போ முதல் சுங்கை சிப்புட் வரை மகிழ்ச்சி பரவியது. 3 ஆண்டுகளுக்குள், 2021இல், நிதி நெருக்கடி முற்றி அவ்வணி முதல்நிலைப் போட்டியிலிருந்து கீழிறங்கியது. பின்னர் மீண்டு வந்தும், 2025இல் அடுத்த பருவத்துச் சூப்பர் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. மன்றம் விலகுவது செய்தித்தாளில் ஒரு வரி. அம்மன்றத்தை நம்பி வேறு தொழில் கல்லாத இளைஞனுக்கோ அது வாழ்க்கையின் திருப்பம்.

பரிசிலும் கூலியும்

ஆடுபவர்க்கும் பாடுபவர்க்கும் சமுதாயம் என்ன தர வேண்டும் என்பது தமிழர்க்குப் புதிய வினா அன்று. பாணர், கூத்தர், பொருநர், விறலியர் ஆகியோர் ஊர் ஊராகச் சென்று தம் கலையைக் காட்டி வாழ்ந்தனர். அவர்கள் பெற்றது கூலி எனப்படவில்லை, பரிசில் எனப்பட்டது. பரிசில் பெற்று மீள்வோர், வறுமையோடு எதிர்வருவோரை அவ்வள்ளலிடம் வழிப்படுத்துவதாக ஆற்றுப்படை என்னும் ஓர் இலக்கிய வகையே தோன்றியது. தம் தொழில் துணைவர்க்கு நல்ல இடத்தைக் காட்டுவதும் தமிழ் மரபில் ஓர் அறமாகக் கருதப்பட்டது என்பதை இதனால் அறியலாம்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்னும் புலவரின் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியை நாடி அவர் சென்றபோது, அவன் அவரை நேரிற் காணாமலே பரிசிலை அனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. தம்மைக் கண்டு, தம் தகுதியை அறிந்து, சிறிதளவே கொடுத்தாலும் அதுவே தமக்கு இனிது என்பது அவர் கருத்து. வறுமையில் வாடிய ஒருவர் பொருளைத் தள்ளி மதிப்பைக் கேட்டார்.

இன்றைய ஆட்டக்காரனின் நிலையை இதனோடு ஒப்பிட்டால் ஒரு விந்தை புலப்படும். அன்று பொருள் வந்தது. முகம் கண்டு போற்றுதல் வரவில்லை. இன்று போற்றுதல் அளவின்றி வருகிறது, பொருள் வருவதில்லை. மாலையும் வரவேற்பும் மேடைப் பேச்சும் உண்டு. மாத இறுதியில் ஊதியம் இல்லை. மதிப்பில்லாத பொருளைப் பெருஞ்சித்திரனார் இழிவெனக் கொண்டார். பொருளில்லாத மதிப்பும் அத்தகைய இழிவே. முன்னது மனிதனின் தகுதியைப் புறக்கணிக்கிறது. பின்னது அவன் வயிற்றைப் புறக்கணிக்கிறது. 'வீரன்' என்று அழைப்பது எளிது, அதற்குச் செலவில்லை. பல வேளைகளில் அச்சொல்லே கொடுக்க வேண்டியதைக் கொடாமைக்கு ஒரு திரையாகவும் அமைந்துவிடுகிறது.

உடல் என்னும் முதல்

வணிகனுக்கு முதல் அவன் பணம். உழவனுக்கு முதல் அவன் நிலம். ஆட்டக்காரனுக்கோ உடலே முதல். அம்முதலும் நாள்தோறும் தேய்வது. பால்மரத்தின் பட்டையை வெட்டுவோர் அதன் ஆயுளைக் கணக்கிட்டே வெட்டுவர். ஆழமாக வெட்டினால் இன்று பால் மிகும்; பின்னாளில் பட்டை புண்பட்டு மரம் கெடும். மரத்துக்குக் காட்டும் இக்கருணையை ஆட்டக்காரனின் முழங்காலுக்குக் காட்டும் மன்றங்கள் எத்தனை? வலியை மருந்தால் மறைத்துக்கொண்டு இறுதியாட்டத்தில் இறங்கியவனை மறுநாள் எல்லாரும் புகழ்வர். 10 ஆண்டுகள் கழித்து அவன் படியேற முடியாமல் நிற்கும்போது எவரும் அருகில் இரார்.

செல்வம் மிக்க நாடுகளிலும் இது நிகழ்ந்துள்ளது. அமெரிக்கக் காற்பந்து எனப்படும் ஆட்டம், ஒருவரோடொருவர் முழு வலிமையோடு மோதும் கடும் ஆட்டமாகும். அதில் தொழில்முறை ஆட்டக்காரரின் சராசரி ஆட்டக்காலம் 3 ஆண்டுகளுக்குச் சற்று மிகுதி என்று அவர்தம் சங்கம் நெடுங்காலமாகக் கூறிவந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக ஆடி 4 முறை வாகை சூடிய மைக் வெப்ஸ்டர் என்பவர் 2002இல், 50ஆம் வயதில், மனநிலை சிதைந்து வறுமையுற்று இறந்தார். நைஜீரியாவில் பிறந்த பென்னட் ஒமாலு என்னும் மருத்துவர் அவரது மூளையை ஆராய்ந்து, ஆட்டத்தில் மீண்டும் மீண்டும் தலையில் பட்ட அடிகளோடு தொடர்புடைய நோய் அதில் இருந்ததை 2005இல் எழுதினார். அவ்வாட்டத்தை நடத்தும் அமைப்பினர் முதலில் அதனை மறுத்தனர். பின்னர் முன்னாள் ஆட்டக்காரர் 4,500 பேருக்கு மேல் வழக்குத் தொடுத்தனர். 2013இல் 76.5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு அமைப்பு இணங்கியது. 2015இல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தபோது அத்தொகைக்கு உச்சவரம்பும் நீக்கப்பட்டிருந்தது.

இதிலிருந்து அறியத்தக்கது யாது? அவ்வாட்டக்காரர்கள் கூலி பெறாதவர்கள் அல்லர். மிகுந்த கூலி பெற்றவர்கள். ஆயினும் கடன் தீரவில்லை. கொடுத்தவன் அறிந்திருந்த இடரை, அல்லது அறிந்திருக்க வேண்டிய இடரை, பெற்றவனுக்குச் சொல்லாமல் விட்டான் என்பதே அவர்களுடைய வழக்கு. ஒருவனது உடலைப் பயன்படுத்துவோன், அவ்வுடலுக்கு நேரும் கேட்டை மறைப்பானாயின், எவ்வளவு கூலி கொடுத்தாலும் கடனாளியே.

இங்கிலாந்தின் வரலாறு மற்றொரு பாடம் தருகிறது. ஆட்டக்காரரின் வார ஊதியம் 20 பவுனைத் தாண்டக்கூடாது என்னும் விதி 1961 வரை அங்கே இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் மன்றம் விரும்பினாலன்றி ஆட்டக்காரன் வேறு மன்றத்துக்குச் செல்ல இயலாது. ஜார்ஜ் ஈஸ்ட்டம் என்னும் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், இம்முறை தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுக்கிறது என 1963இல் தீர்ப்பாயிற்று. ஒப்பந்தம் முடிந்தவன் கட்டணமின்றி வேறு மன்றம் சேரலாம் என்பது, பெல்ஜியத்தைச் சேர்ந்த போஸ்மான் வழக்கில் 1995இல்தான் ஐரோப்பாவில் உறுதிப்பட்டது.

தோட்டத்து வரலாறு அறிந்தோர்க்கு இக்கதை பழகியதாகவே தோன்றும். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் தொழிலாளி தன் முதலாளியை விட்டு நீங்கினால் குற்றவாளியாகக் கருதப்பட்டான். கோல் போட்டவுடன் ஆயிரமாயிரம் பேர் ஆர்ப்பரிக்கும் அரங்கில் நின்றவனும், ஆளரவமற்ற நிரையில் நின்றவனும் ஒரே வகைக் கட்டினால் கட்டப்பட்டிருந்தனர். இருவரிடையே வேறுபாடு ஒன்றே. பின்னவனது கட்டு எல்லார்க்கும் தெரிந்தது. முன்னவனது கட்டைக் கைதட்டல் மறைத்தது.

பெயர் அறியப்படாதோர்

அணி என்பது ஆடுகின்ற 11 பேர் மட்டும் அன்று. பயிற்றுநர், உதவிப் பயிற்றுநர், உடற்பயிற்சி வல்லுநர், காயத்துக்கு மருந்திடுவோர், சீருடைகளைத் துவைத்து அடுக்குவோர், திடலின் புல்லை வெட்டிக் கோடு போடுவோர் எனப் பலர் சேர்ந்ததே அணி.

பயிற்றுநரின் நிலை தனித்தன்மை உடையது. கே. ராஜகோபால் இளமையில் தேசிய அணிக்கு ஆடியவர். பயிற்றுநராகிய பின், 2009ஆம் ஆண்டுத் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவுக்குக் காற்பந்தில் தங்கம் பெற்றுத் தந்தார். 20 ஆண்டுகளுக்குப் பின் கிட்டிய தங்கம் அது. 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றதும் அவர் பொறுப்பில்தான். இறுதிச் சுற்றில் இந்தோனேசியாவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 4-2 என வென்றனர். அடுத்த சில ஆண்டுகளில் முடிவுகள் சாதகமாக அமையவில்லை. 2014இல் அப்பொறுப்பில் வேறொருவர் இருந்தார். பயிற்றுநர் மாறுவது விளையாட்டுலகில் இயல்பே. ஆனால் வென்றால் அணி வென்றது என்றும், தோற்றால் பயிற்றுநர் தோற்றார் என்றும் கணக்கெழுதுவது நேர்மையாகாது.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சிறிது தள்ளித் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரம் வருகிறது. தக்கவனை ஆராய்ந்து பணியில் அமர்த்துவதைப் பற்றியது அது. முதல் மூன்றும் பயிற்றுநர்க்கு உரியன எனக் கொண்டால், பின்னது அவரை அமர்த்தும் நிர்வாகத்தார்க்கு உரியது எனலாம். ஆராய்ந்து அமர்த்தாதவர்கள், அமர்த்தியபின் ஆராயத் தொடங்குகின்றனர்; விரைவில் விலக்கவும் செய்கின்றனர். குற்றம் அமர்த்தப்பட்டவரிடம் மட்டும் இல்லை.

பயிற்றுநரின் பெயரையேனும் செய்தித்தாள் அச்சிடும். சீருடை துவைப்பவரின் பெயரை எவர் அறிவார்? மன்றத்தில் பணம் வற்றும்போது அவரது ஊதியமும் வற்றுகிறது. புகழ் பெற்ற ஆட்டக்காரனை வேறு மன்றம் அழைத்துக்கொள்ளும். அவரை அழைப்பார் இலர். ஒரு மன்றத்தின் அறத்தை அளக்க விரும்புவோர், அதன் சிறந்த ஆட்டக்காரன் பெறுவதைக் கணக்கிட வேண்டியதில்லை. கோடு போடுபவருக்கு நாள் தவறாமல் ஊதியம் வருகிறதா என்று கேட்டால் போதும்.

மூன்று மறுப்புகள்

இக்கருத்துக்கு மறுப்புகள் உண்டு. அவற்றுள் முதன்மையானவை மூன்று.

'அவன் விரும்பித்தானே இத்தொழிலுக்கு வந்தான். இடர் வந்தால் அவனே தாங்க வேண்டும்' என்பது முதல் மறுப்பு. விருப்பம் உண்மையே. ஆனால் 17 வயதில், ஒப்பந்தத்தின் மொழியும் விளங்காத நிலையில், கனவின் மயக்கத்தில் இடும் கையெழுத்து முழு விருப்பமாகுமா? முழு விருப்பமே என்று கொண்டாலும், ஆட்டத்தின் இடரை ஏற்றான் என்பதால் ஊதியமின்மையையும் ஏற்றான் என்று பொருளாகாது. மரத்தின் கீழே பாம்பிருக்கக்கூடும் என்று அறிந்தே தொழிலாளி நிரைக்குச் செல்கிறான். அதனால் அவன் கூலியைப் பிடித்துவைக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடுவதில்லை.

'அவன் பெறும் ஊதியம் பிறரினும் மிகுதி' என்பது இரண்டாம் மறுப்பு. சிலர் வகையில் இது பொருந்தும். ஆயின் ஏனையோர் 55, 60 வயது வரை உழைத்துப் பெறுவதை, ஆட்டக்காரன் 10 அல்லது 12 ஆண்டுகளில் பெற்று முடித்தாக வேண்டும். 33 வயதில் அவனது தொழில் முடிகிறது, வாழ்வு முடிவதில்லை. அன்றியும், ஊதியம் பெரிதா சிறிதா என்பது ஈண்டு வினாவன்று. வாக்களித்தபடி கொடுக்கப்பட்டதா என்பதே வினா. கொடாத பெருந்தொகை, கொடுத்த சிறுதொகையினும் சிறிது.

மூன்றாம் மறுப்பு சற்று நுட்பமானது. 'ஆட்டம் அன்பினால் ஆடப்பட வேண்டும். பணத்தைப் பேசினால் அதன் தூய்மை கெடும்' என்பர். இதில் உண்மையின் ஒரு பகுதி உண்டு. தோட்டத்துத் திடலில் மாலையில் ஆடியோர் கூலி கேட்கவில்லை என்பது முன்னரே கூறப்பட்டது. ஆனால் அங்கே நுழைவுச்சீட்டு விற்றவரும் இல்லை. விளம்பரப் பலகை வைத்தவரும் இல்லை. ஒளிபரப்பு உரிமை பெற்றவரும் இல்லை. எல்லாரும் அன்பினால் கூடிய இடத்தில் ஆடுபவனும் அன்பினால் ஆடினான். எல்லாரும் பொருளீட்டும் இடத்தில் ஆடுபவன் மட்டும் அன்பினால் ஆட வேண்டும் என்பது எவ்வகை நீதி? அன்பு கொடுப்பவன் உவந்து தருவது. பெறுபவன் உரிமையாகக் கேட்டு வாங்குவது அன்று.

கடன் தீர்க்கும் வழி

அவ்வாறாயின் கடனைத் தீர்ப்பது எவ்வாறு?

முதற்கடமை மன்றத்துக்கு உரியது. தன் வருவாய்க்கு மிஞ்சிய ஊதியத்தை வாக்களிப்பது தாராளமாகத் தோன்றினும், உண்மையில் அது பொய்யுரைத்தலே. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், கூலிக்காலம் முடிந்த 7 நாள்களுக்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என நெறி வகுத்தது. இந்நெறி தொழிற்சாலைக்குத் தகுமாயின் திடலுக்கும் தகும்.

இரண்டாவது, தண்டனை உரியவர்மேல் விழுதல் வேண்டும். ஊதிய நிலுவை வைத்த மன்றங்களுக்குப் போட்டிப் புள்ளிகளைக் குறைக்கும் வழக்கம் உள்ளது. 2024-25ஆம் பருவத்தில் கெடா அணிக்கு 3 புள்ளிகள் குறைக்கப்பட்டன. நோக்கம் நன்றே. எனினும் அப்புள்ளிகளை ஈட்டியவர் யார்? ஊதியம் பெறாமலே ஆடிய ஆட்டக்காரரே. கூலி கொடாதவனைத் தண்டிப்பதாகக் கருதிக் கூலி பெறாதவனின் உழைப்பை இரண்டாம் முறை பறிப்பதாக இது முடிகின்றது. பொறுப்பிலிருந்த நிர்வாகிகள் மேல் விழாத தண்டனை முழுத் தண்டனை ஆகாது.

மூன்றாவது கடமை ஆட்டக்காரர்க்கே உரியது, அதுவே ஒற்றுமை. சுங்கை சிப்புட் தந்த சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்த காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். தொழிலாளர் திங்கள்தோறும் செலுத்திய சிறுதொகையே திரண்டு தோட்டங்களை வாங்கும் பெருநிதியாயிற்று. தனியொருவனாக இரந்தால் கிட்டாதது, கூடி நின்றால் கிட்டும் என்பதற்கு அஃது உள்ளூர்ச் சான்று. மலேசியத் தொழில்முறைக் காற்பந்தாட்டக்காரர்க்கும் இன்று ஒரு சங்கம் உண்டு. நிலுவை ஊதியத்துக்காக அது குரல் கொடுத்து வருகிறது. நன்றாகச் சம்பாதிக்கும் ஆட்டக்காரன் அதனை வலுப்படுத்துவது, பரிசில் பெற்றோன் பிறரை ஆற்றுப்படுத்திய மரபின் தொடர்ச்சியாகும்.

நான்காவது கடமை காண்போர்க்கு உரியது. வெற்றி பெற்ற அணியைத் தோளில் சுமப்பவர்கள், அவ்வணிக்கு ஊதியம் வந்ததா என்று கேட்கும் உரிமையும் கடமையும் உடையவர்கள். தோற்ற நாளில் பயிற்றுநரை ஏசுவதற்கு எழும் குரல், ஊதியம் நின்ற நாளில் எழாமலிருப்பது காண்போரின் குறை.

இனி, ஆசிரியர் முன் நிற்கும் பெற்றோர்க்கு விடை சொல்ல வேண்டும். 'வேண்டாம்' என்று தடுத்தல் எளிது. ஆனால் இயற்கை அளித்த ஆற்றலை அச்சத்தால் அடைப்பதும் ஒருவகைத் தீங்கே. 'போ' என்று அனுப்புதலும் எளிது. ஆனால் வழியின் பள்ளங்களைச் சொல்லாமல் அனுப்புவது துரோகம். படிப்பா, பந்தா என்னும் வினாவே பிழையுடையது. எஸ்.பி.எம். தேர்வை முடிக்கும் வரை பள்ளியை விடாதிருத்தல், ஒப்பந்தத்தைப் பொருள் விளங்கப் படித்துச் சொல்ல ஒருவரை உடன் அழைத்துச் செல்லுதல், ஊழியர் சேமநிதிச் சந்தா முறையாகச் செலுத்தப்படுகிறதா எனக் கேட்டறிதல், காயத்துக்கான காப்புறுதி உண்டா எனப் பார்த்தல், ஆடும் ஆண்டுகளிலேயே இரண்டாவது தொழிலொன்றைக் கற்றல் ஆகிய ஐந்தையும் நிபந்தனையாக்கி, அதன்பின் அவனை மனமார வாழ்த்தி அனுப்புவதே ஆசிரியர்க்கு அழகு. அவ்வாறு சென்றவன் வெற்றி பெற்றால் ஊருக்குப் பெருமை. வெற்றி பெறாமல் மீண்டாலும், வெறுங்கையோடு மீள மாட்டான்.

ரப்பர் மரங்கள் பல இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டன. தோட்டத்து மக்கள் பலர் நகர்ப்புறம் சென்றுவிட்டனர். மாலை ஆட்டம் நிகழ்ந்த திடல்களுள் பல இன்று இல்லை. ஆயினும் அத்திடல் கற்பித்த ஓர் உண்மை மறையவில்லை. அங்கே ஆடியவன் தன் உடலுக்குத் தானே உரிமையாளனாக இருந்தான். தொழில்முறை ஆட்டம் அவ்வுரிமையை விலைக்கு வாங்குகிறது. வாங்கியதற்கு விலை கொடுக்க வேண்டும். வாங்கியதைப் பழுதாக்கினால் ஈடு செய்ய வேண்டும். பயன்படுத்தி முடிந்தபின் மனிதனை மனிதனாகவே திருப்பித் தர வேண்டும். கைதட்டல் ஆட்டத்தோடு முடிந்துவிடலாம். கடப்பாடோ ஆட்டம் முடிந்த பின்னும் நிற்பது.